முகமும் காமிராவும்

1936-இல் டோரதியா லாங்கே அம்மையார் கலிபோர்னியாவில் ஓர் ஏழைத் தாயைப் படம் பிடித்தது கிராப்ளெக்ஸ் என்னும் பெரிய ரிப்ளெக்ஸ் காமிராவினால். அதன் உட்கண்ணாடி முகத்தைத் தலைகீழாக அன்றி நிமிர்ந்தே காட்டும்.

வெம்பாக்கத்துப் பட்டு நெசவாளரைப் படமெடுக்க விழையும் அன்பர்களுக்கு நாம் சிபாரிசு செய்வதும் அதுவே. வாங்குமுன் ஷட்டர்த் திரையை விளக்கின்முன் சோதியுங்கள். ஊசித் துவாரமிருப்பினும் பிலிம் பாழாகும். ஷட்டர் உள்ளேயே இருப்பதால், ஷட்டரில்லாத பழைய லென்ஸையும் முன்பலகையில் பொருத்தலாம். கண்ணாடி மேலெழுகையில் லென்ஸில் இடிக்கலாகாது.

பழைய பின்புறம் இக்காலத்துப் பிலிம் சட்டத்தை ஏற்காது, மாற்றியமைக்க வேண்டும். அப்போது லென்ஸிலிருந்து பிலிமுக்கும், கண்ணாடி வழியே பார்வைத் தகட்டுக்கும் உள்ள தூரம் ஒன்றாயிருத்தல் அவசியம். தறியில் இழை தப்பினால் புடவை கெடும். இங்கே முகம் மங்கும். தள்ளாத முதியவரை மறுமுறை உட்காரச் சொல்ல நமக்குக் காலம் இடம் தருமா?