வேகம் பின்னால் வரும்

தமிழில் தட்டச்சு செய்ய நேரமாகிறது என்பதற்காகவே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிடுகிறவர்கள் அலுவலகங்களில் ஏராளம். தமிழ் அறியாதவர்கள் அல்லர். நன்றாகப் பேசுகிறவர்கள், நாவல் படிக்கிறவர்கள். விரல்தான் பழகவில்லை. அதைப் பழக்கிவிட முடியும்.

பலரும் ரோமன் எழுத்தில் ஒலியைத் தட்டித் தமிழாக்குகிறார்கள். ‘தங்கம்’ என்று எழுத அந்த முறையில் ஏழு விசைகள் வேண்டும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற ‘தமிழ்99’ விசைப்பலகையில் ஐந்து போதும்: த, ங, க, ம, புள்ளி. ங-வை அடுத்து க வந்தால் நடுப்புள்ளியை மென்பொருளே வைத்துவிடும். ‘பக்கம்’ போன்ற சொற்களில் ஒரே எழுத்தை இருமுறை தட்டினாலும் அப்படியே. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்களில் பெரும்பாலானவை வலக்கைக்கு என்று பிரித்திருப்பதால் இரு கைகளும் மாறி மாறி உழைக்கும்.

விசைப்பலகையை மாற்றியதும் பலர் வேகத்தைத் துரத்தத் தொடங்குகிறார்கள். அங்கேதான் சறுக்குகிறது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகளில் லோயர் தேர்வுக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் தேர்வுக்கு 45 சொல் என்று இலக்கு உண்டு. ஆனால் சேர்ந்தவுடன் யாரும் கடிகாரத்தைக் காட்டுவதில்லை. தட்டச்சுப் பொறியின் நடுவரிசை எழுத்துகளை ‘யளனகபக’ என்று பக்கம் பக்கமாக அடிக்க வைப்பார்கள். விரல் தன் இடத்தைத் தானே கண்டுகொண்ட பிறகே ஸ்பீடு. அந்த வரிசையில் நியாயம் இருக்கிறது. ஓர் எழுத்து தவறினால் அதை அழிக்க ஒரு தட்டு, திரும்ப அடிக்க ஒரு தட்டு. நடுவில் எண்ணமும் அறுந்துபோகிறது. பிழையோடு விரைந்து அடித்துப் பழகினால் விரல் அந்தப் பிழையையே மனப்பாடம் செய்துகொள்ளும்.

தமிழ்99-இல் அதிகம் தடுமாறும் இடம் வலக்கை ஆள்காட்டி விரல். க, ப, ள, ற, ல, ர ஆறும் அதன் பொறுப்பு. ‘பரப்பளவு’ என்று அடித்துப் பாருங்கள்: ப, ர, ப, ப, ள என ஐந்து தட்டுகளும் அந்த ஒரு விரலுக்கே. ள, ற மேல்வரிசையில். ல, ர கீழ்வரிசையில். ஒவ்வொரு தட்டுக்குப் பின்னும் விரல் நடுவரிசைக்குத் திரும்பினால்தான் அடுத்த எழுத்து பிசகாது. தடுமாறும் இத்தகைய சொற்களைக் குறித்துவைத்து, அவற்றை மட்டும் மெதுவாகத் திரும்பத் திரும்ப அடியுங்கள். நன்றாக வருவதையே அடித்துக்கொண்டிருப்பது பயிற்சி ஆகாது.

நாளுக்குக் கால்மணி நேரம் போதும்; விட்டுவிடாமல் செய்ய வேண்டும். கண் திரையில் இருக்கட்டும், விசைகளைப் பார்க்க வேண்டாம். ஒரு பத்தியைப் பிழையில்லாமல் அடித்த பிறகே சற்று விரைவு கூட்டுங்கள். பிழை தலைகாட்டினால் உடனே குறையுங்கள்.

நினைத்ததை நினைத்த மொழியிலேயே எழுத விரல் தடையாக இருக்கக் கூடாது. அடுத்த கடிதத்தை, எத்தனை நேரமானாலும், தமிழில் அடித்து அனுப்புங்கள்.