தந்தி போயிடுச்சு, பெயர் இருக்கு... கூதிர் இருக்கு, பெயர் எங்கே போச்சு?

சென்னையில் இரவு ரயில் ஏறி, விடிகாலையில் கொடைரோடு ஸ்டேஷனில் இறங்கும் கூட்டத்தில் யாராவது ஒருவர் ஸ்வெட்டர் போட்டிருப்பார். ஐந்து நிமிடத்தில் வியர்க்கும். "இதுதான் கொடைக்கானலா?" என்று ஆட்டோக்காரரிடம் கேட்பார். "இது கொடைக்குப் போற ரோடுங்க. கொடை இன்னும் எண்பது கிலோமீட்டர் மேல இருக்கு" என்று பதில் வரும்.

பெயர் பொய் சொல்லவில்லை. 'ரோடு' என்ற பாதியை நாம்தான் படிக்காமல் விட்டுவிட்டோம். இப்படி அரைகுறையாகப் படிக்கும் பழக்கம் அக்டோபரில் மலை ஏறும்போதும் தொடர்கிறது. 'இலையுதிர் காலம்' என்று தலைப்புப் போட்டு, சிவப்பும் மஞ்சளுமாக மரங்கள் நிற்கும் என்று நினைத்துப் போகிறோம். அங்கே இருப்பது மழை, பனிமூட்டம், பச்சை. "ஒண்ணுமே தெரியல, வேஸ்ட்" என்று ரிவ்யூ எழுதிவிட்டு இறங்குகிறோம்.

மலையில் குறையில்லை. நாம் வைத்த பெயர்தான் தப்பு.

பத்திரிகைகளுக்குப் பெயர் வைத்த கதை

பெயர் வைப்பதில் நம் பத்திரிகைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். 1882-ல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய பத்திரிகை 'சுதேசமித்திரன்', அதாவது நாட்டின் நண்பன். சிங்கப்பூரில் 1935-ல் வந்தது 'தமிழ் முரசு'. முரசு அறைந்தால் ஊர் கூடும் அல்லவா? இலங்கையில் 1930 முதல் 'வீரகேசரி'. கேசரி என்றால் ஸ்வீட் இல்லை, சிங்கம். 1970-ல் சோ தன் பத்திரிகைக்கு 'துக்ளக்' என்று ஒரு சுல்தானின் பெயரையே வைத்தார்.

கொடைரோட்டிலிருந்து மலைக்குப் போகும் வழியில் வத்தலக்குண்டு வரும். அந்த ஊர்க்காரர் பி.எஸ். ராமையா, 'மணிக்கொடி' இதழின் ஆசிரியராக இருந்து சிறுகதைக்கு இடம் கொடுத்தவர். அதே ஊரில் வளர்ந்த சி.சு. செல்லப்பா 1959-ல் தொடங்கிய பத்திரிகையின் பெயர் 'எழுத்து'. அடைமொழி எதுவும் இல்லை. என்ன செய்யப் போகிறோமோ அதுவே பெயர்.

வெளிநாட்டிலும் இப்படி உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் 'டூம்ஸ்டோன்' என்று ஓர் ஊர். கல்லறைக்கல் என்று அர்த்தம். 1880-ல் அங்கே தொடங்கிய பத்திரிகைக்கு 'எபிடாஃப்', அதாவது கல்லறை வாசகம் என்று பெயர் வைத்தார்கள்! கொலராடோ மலையில் சில்வர்டன் என்ற சுரங்க ஊரின் பத்திரிகைப் பெயரிலேயே 'மைனர்', அதாவது சுரங்கத் தொழிலாளி இருக்கிறார். ஊரைப் பார்த்து வைத்த பெயர்கள் இவை.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது நம் 'தந்தி'தான். 1942-ல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கியபோது, செய்தியை வேகமாகக் கொண்டுவந்தது தந்திதான். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவையே மூடப்பட்டது. ஆனாலும் டீக்கடையில் 'தந்தி பேப்பர்' இன்னும் கிடக்கிறது. பொருள் போய்விட்டது, தினமும் சொல்வதால் பெயர் பிழைத்துக்கொண்டது.

நம் மலையின் பருவத்துக்கு நடந்தது இதற்கு நேர் எதிர்.

இலை ஏன் உதிர்கிறது, இங்கே ஏன் உதிர்வதில்லை?

சில்வர்டன் பக்கம் செப்டம்பர் கடைசியில் ஆஸ்பென் மரங்கள் பொன்னாக மாறும். அங்கே கோடையின் நீண்ட பகலுக்கும் குளிர்காலத்தின் குறுகிய பகலுக்கும் ஐந்து மணி நேரத்துக்கும் மேல் வித்தியாசம். பகல் குறைந்து குளிர் ஏற ஏற, இலையின் பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. பிறகு இலை உதிர்கிறது.

கொடைக்கானலில் அந்தப் பகல் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். இங்குள்ள சோலைக்காடுகள் எப்போதும் பச்சையானவை. பேரிக்காய் போல வெளியிலிருந்து வந்த சில மரங்கள் இலை உதிர்க்கலாம். சோலை மரங்களில் தெரியும் சிவப்போ பெரும்பாலும் புதுத் தளிரின் நிறம். அங்கே சிவப்பு என்றால் இலை சாகப் போகிறது, இங்கே சிவப்பு என்றால் இலை பிறந்திருக்கிறது. கீழே சமவெளியில் இலை உதிர்வதும் அக்டோபரில் இல்லை. மழை ஓய்ந்து வெயில் ஏறும் மாதங்களில்தான்.

அப்போ ஐப்பசியும் கார்த்திகையும் என்ன காலம்? தமிழில் அதற்குப் பெயர் 'கூதிர்'. ஆறு பருவங்களில் கார் காலத்துக்கும் முன்பனிக்கும் நடுவே வருவது. தொல்காப்பியம் மலைநிலமான குறிஞ்சிக்கு உரிய பருவமாகச் சொல்வதே கூதிரும் முன்பனியும்தான். அதாவது மலையைப் பார்க்க ஏற்ற பருவம் எது என்று கேட்டால், நம் பழைய பதில் இதுதான்.

சொல்லும் முழுதாகச் சாகவில்லை. "கூதக்காத்து அடிக்குது, காதை மூடிக்கோ" என்று பாட்டி சொல்வது இதே சொல்லின் உறவுதான். வீட்டில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு, 'இலையுதிர் காலம்' என்ற மொழிபெயர்ப்பைச் சுமக்கிறோம்.

ஒரு சொல்லுக்கு இத்தனை சண்டையா?

"பெயரில் என்ன இருக்கு?" என்று கேட்கலாம். எதை எதிர்பார்த்துப் போகிறோம் என்பதே பெயரில்தான் இருக்கிறது. 'இலையுதிர்' என்று போகிறவர் கேமராவும் மெல்லிய ஜாக்கெட்டும் எடுத்துக்கொள்வார். 'கூதிர்' என்று தெரிந்தவர் குடை எடுப்பார், மழை எச்சரிக்கையைப் பார்ப்பார், மலைப்பாதையில் மரம் விழுந்திருக்கிறதா என்று விசாரிப்பார். 2018-ல் கஜா புயல் நவம்பர் 16-ல் கரையைக் கடந்து திண்டுக்கல் மாவட்டம் வரை வந்து, கொடைக்கானல் பாதைகளில் மரங்களைச் சாய்த்தது. ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கும் நேரம் அது. கூதிர் அழகானது, விளையாட்டானது இல்லை.

இங்கே இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. வேறு நாட்டுப் பருவத்தைத் தேடிப் போகிறவருக்கு முன்னால் இருப்பது கண்ணில் படாது. மழை விட்ட காலையில் கொடைரோட்டில் நின்று மேற்கே பாருங்கள். கழுவி வைத்தது மாதிரி மலை நிற்கும், அதன் இடுப்பில் மேகம் கிடக்கும். கிழக்கே சிறுமலை. இதைப் பார்க்க எண்பது கிலோமீட்டர் ஏறக்கூட வேண்டாம்.

பத்திரிகைகளிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். இல்லாத தந்தியை இத்தனை காலம் பெயரில் வாழவைத்தது பத்திரிகை உலகம். வருஷா வருஷம் தவறாமல் வரும் கூதிரை வாழவைப்பது அதைவிடச் சுலபம். அடுத்த ஐப்பசியில் வானிலைச் செய்தியின் தலைப்பில் ஒரே ஒரு முறை 'கூதிர் தொடங்கியது' என்று போடுங்கள். முதல் நாள் நாலு பேர் "அப்படின்னா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தானே இந்த மாதிரிப் பக்கங்கள் இருக்கின்றன?