கோப்பையாகும் பொன்கொரண்டி

தங்கைக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்ததும் மாத்திரைக்கு முன்னமே வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு மரக்கோப்பை. பொரளைப் பக்கத்து ஆயுர்வேத மருந்துக் கடையில் வாங்கியது. இரவில் தண்ணீர் ஊற்றி வைத்தால் விடியும்போது வெளிறிய சாயத் தேநீர்போல நிறம் இறங்கியிருக்கும்.

அந்தக் கோப்பை பொன்கொரண்டித் தண்டில் கடைந்தது. சிங்களத்தில் கொத்தல ஹிம்புட்டு. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளரும், ஏறிப் படரும் புதர். பூ பசுமஞ்சளாய், கண்ணில் படாத அளவு சிறியது. 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதிலிருந்து சலாசினோல் என்ற சேர்மத்தைப் பிரித்தெடுத்தார்கள். குடலில் மாச்சத்து சீனியாக உடைவதை அது தாமதிக்கச் செய்கிறது. சீனி வருத்தத்துக்கு நல்லதென்று கிழவிகள் சொன்னது பொய்யில்லை. செடிக்கு வினையும் அதுதான்.

மருந்துக்கு எடுப்பது வேரும் தண்டும். வேரைத் தோண்டினால் செடி மிஞ்சாது; கோப்பை கடையும் அளவுக்குத் தண்டு தடிக்கப் பல வருடம் செல்லும். இலங்கையின் 2012ஆம் ஆண்டுத் தேசிய சிவப்புப் பட்டியல் இதை அழியும் ஆபத்திலுள்ள இனமாகக் குறித்தது. காட்டில் அது குறைந்துகொண்டு போக, கடைத் தட்டில் மட்டும் குறைவில்லை. இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.

விற்பனையைத் தடுக்கச் சொல்லவில்லை. தடுத்தால் கள்ளமாக வெட்டுவார்கள். தோட்டத்தில் வளர்த்ததா, காட்டில் வெட்டியதா என்று ஒவ்வொரு பொதியிலும் எழுதுவதை ஆயுர்வேதத் திணைக்களம் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, வாங்குகிற நீங்களே கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். வைத்தியர் தந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.