தெருவோர சயின்ஸ்: ஏர் கன் குண்டுக்குள்ளே ஓர் உடுக்கை, ஒரு ஷட்டில் காக், ஒரு பம்பரம்!

கோயில் திருவிழாவோ, கடற்கரையோ... பலூன் சுடும் கடை முன்னால் கூட்டம் நிற்காமல் இருக்காது. தண்டையார்பேட்டையிலிருந்து குடும்பத்தோடு மெரினாவுக்குப் போகிறவர்களும் அந்தக் கடையைத் தாண்டிப் போவது கஷ்டம். அப்பா துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை ஒட்டவைத்து, ஒரு கண்ணை மூடி, சிவப்பு பலூனைக் குறிவைப்பார். 'டப்'. வெடிப்பது பக்கத்து மஞ்சள் பலூன்! "நான் அதைத்தான் குறிவெச்சேன்" என்று அவர் சமாளிக்க, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

குறி தவறியது அப்பாவால் மட்டும்தானா? தேய்ந்த குழலுக்கும் விலகிப்போன குறிமுனைக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. சில அடி தூரத்தில் குண்டை அதிகம் குறை சொல்ல முடியாது. ஆனால், தூரம் கூடக் கூட, அந்தச் சின்ன ஈயத் துண்டின் வடிவம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

உடுக்கை இடுப்பு

'பெல்லட்' எனப்படும் ஏர் கன் குண்டை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் ஒலிக்கும் உடுக்கை ஞாபகத்துக்கு வரும். முன்னால் தலை, நடுவில் ஒடுங்கிய இடுப்பு, பின்னால் விரிந்த பாவாடை. தலைப்பக்கம் கெட்டி, பாவாடைப் பக்கம் உள்ளே வெற்றிடம். போட்டிகளில் பயன்படும் குண்டின் விட்டம் 4.5 மி.மீ.; எடை அரை கிராமை ஒட்டித்தான் இருக்கும்.

விசையை அழுத்தியதும் பின்னாலிருந்து பாயும் காற்று, மெல்லிய பாவாடையை விரித்துக் குழலோடு இறுக்குகிறது. காற்று வீணாகக் கசியாது. குழலுக்குள் இருக்கும் சுருள் பள்ளங்களையும் குண்டு நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

ஷட்டில் காக் பாடம்

தண்டையார்பேட்டை தெருக்களில் ராத்திரி லைட் வெளிச்சத்தில் ஷட்டில் ஆடும் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். காக்கை எப்படி அடித்தாலும், ஒரு நொடிக்குள் திரும்பி, கார்க் முன்னால் வர, இறகு பின்னால் போய்விடும். காரணம், எடை முழுக்க கார்க்கில். காற்றின் பிடி முழுக்க இறகில்.

பெல்லட்டும் அப்படித்தான். எடை தலையில் இருக்கிறது. காற்று அழுத்தும் இடமோ பாவாடைப் பக்கம். மூக்கு கொஞ்சம் சாய்ந்தாலும், காற்று பாவாடையைத் தள்ளி நேராக்கிவிடும்.

இதற்கு ஒரு விலை உண்டு. நேராக வைக்கும் அதே காற்றுதான் வேகத்தையும் தின்கிறது. பலம் கொண்ட மட்டும் அடித்த காக்கும் கொஞ்ச தூரத்தில் சோர்ந்து விழுவதில்லையா? அதே கதைதான்.

பம்பரம் எதற்கு?

எந்தக் குண்டும் நூற்றுக்கு நூறு சமமாக வார்க்கப்படுவதில்லை. ஒரு பக்கம் துளி எடை கூடினாலும் பாதை வளையும். அதற்குத்தான் குழலின் சுருள் பள்ளங்கள். அவை குண்டை நொடிக்குப் பல நூறு முறை பம்பரமாகச் சுற்றவிடுகின்றன. சுற்றும்போது, அந்தக் குறை ஒரே பக்கம் இழுக்காமல் எல்லாப் பக்கமும் பங்கு போடப்படுகிறது.

2 மி.மீட்டரில் போன வாய்ப்பு

10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் குண்டு நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் கிளம்பும். இலக்கை அடைய 0.06 நொடி. அதற்குள் புவியீர்ப்பு அதைக் கிட்டத்தட்ட 2 செ.மீ. கீழே இழுத்துவிடும். குறிமுனையைச் சரிசெய்யும்போதே அதைக் கணக்கில் எடுத்துவிடுவார்கள். சுட வேண்டிய மையப்புள்ளியின் விட்டம் எவ்வளவு தெரியுமா? அரை மி.மீ!

2024 பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச்சுற்றில், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 60 குண்டுகளைச் சுட்டு 630.7 புள்ளிகள் எடுத்தார். 10-வது இடம். முதல் 8 பேருக்குத்தான் இறுதிச்சுற்று. 631.5 எடுத்த சக இந்திய வீராங்கனை ரமிதா 5-வது இடத்தில் முன்னேறினார். இருவருக்கும் இடையே 0.8 புள்ளி. மையத்திலிருந்து கால் மி.மீ. விலகினால் 0.1 புள்ளி குறையும் என்பதால், 60 குண்டுகளுக்கும் சேர்த்து வித்தியாசம் வெறும் 2 மி.மீ!

அதனால்தான் வீரர்கள் குண்டுகளை அரிசி பொறுக்குவதுபோலப் பொறுக்குகிறார்கள். துப்பாக்கியை அசையாமல் பூட்டிவைத்து, எந்தப் பெட்டிக் குண்டு ஒரே ஓட்டையில் போய் விழுகிறது என்று சோதிக்கிறார்கள். தலையின் விட்டம் 4.49, 4.50 மி.மீ. என்று நூறில் ஒரு மி.மீ. வித்தியாசத்தில்கூட விற்பனைக்கு வருகிறது. டப்பா கீழே விழுந்து பாவாடை நசுங்கினால், குழலின் வாயில் காற்று ஒரு பக்கமாகப் பீறிட்டு குண்டைச் சாய்த்துவிடும்.

இடுப்பில்லாத தம்பி

இன்னொரு வகை 'ஸ்லக்'. இடுப்பும் கிடையாது, பாவாடையும் கிடையாது. நீளமான கெட்டி ஈயம். காற்று இதை அதிகம் தடுக்காது. அதனால் வேகம் குறையாமல் வெகுதூரம் போகும். ஆனால், இதன் மூக்கு சாய்ந்தால் காற்று நேராக்காது. மேலும் கவிழ்க்கத்தான் பார்க்கும். காப்பாற்றுவது சுழற்சி ஒன்றுதான். குழலின் பள்ளம் அதற்குத் தேவையான சுற்றைத் தராவிட்டால், தலைகுப்புறப் புரண்டு எங்கோ போகும்.

மொட்டை மாடி வேண்டாமே!

2016 ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. அளவையோ 20 ஜூல் ஆற்றலையோ தாண்டும் ஏர் கன்னுக்கு உரிமம் தேவை. அதற்கு உட்பட்டதை 'பொம்மைத் துப்பாக்கிதானே' என்று நினைக்கும் வீடுகள் இருக்கின்றன. உரிமம் வேண்டாம் என்பதற்கு, ஆபத்து இல்லை என்று அர்த்தமல்ல. போட்டித் துப்பாக்கியின் ஆற்றல் சுமார் 7.5 ஜூல்தான். ஒரு கண்ணை நிரந்தரமாகப் பறிக்க அதுவே தாராளம்.

பெல்லட்டின் வேகம் குறையும் என்றாலும், நான்கடி சந்தைத் தாண்டியதும் அடுத்த வீட்டு மாடி வந்துவிடும் தண்டையார்பேட்டையில், அது குறைவதற்குத் தூரமே கிடையாது. குருவி, கிளி என்று குறிவைத்தால் வனவிலங்குச் சட்டமும் பாயும்.

ஆசை இருக்கும் பிள்ளைகளைப் பயிற்சியாளர் இருக்கும் இடத்துக்கு அழைத்துப் போங்கள். எழும்பூரில் சென்னை ரைபிள் கிளப் இருக்கிறது. சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். குண்டு ஈயம், சாப்பாட்டோடு உள்ளே போகக் கூடாது.

அடுத்த முறை மஞ்சள் பலூன் வெடித்தால், அப்பாவை ரொம்பக் கிண்டல் பண்ணாதீர்கள். "குண்டோட பாவாடை நசுங்கியிருக்குமோ?" என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கும் ஒரு சாக்கு கிடைத்த சந்தோஷம்!