அரிச்சந்திரனை எங்கே வெட்டுவது?

"முக்கால் மணி நேரத்துக்குள் முடித்துத் தாருங்கள்" என்கிறார்கள் விழாக் குழுவினர். விடிய விடிய ஆடிய நாடகம், முழம் போட்டு அறுத்துக் கொடுக்கும் கயிறா?

வெட்டுவதற்கு நான் எதிரியல்லன். 1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்' கூத்தைச் சுருக்கித்தான் மேடையேற்றினார். காங்கேசன்துறை ஈன்ற நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989), அரிச்சந்திரன் நாடிழக்கும் முன்பாதியை அப்படியே விட்டுவிட்டு, சுடலையைக் காக்கும் மயான காண்டத்தை மட்டும் தனி நாடகமாக ஆடினார். பாதி நாடகம் பார்த்தோம் என்று எவரும் குறைப்பட்டதில்லை. முன்பாதியை அவர்கள் மனத்தில் சுமந்தே கோயில் வீதிக்கு வந்தார்கள். 1990இல் போர் காங்கேசன்துறை மக்களை ஊரைவிட்டுத் துரத்தியது. அந்தச் சபையும் சிதறிற்று.

இன்று ரொறன்ரோவில் பிறந்த பிள்ளை அதே பின்பாதியைப் பார்க்கிறது. சந்திரமதியிடம் சுடலைக்காவலன், "கழுத்துத் தாலியை விற்றுக் கூலி கொடு" என்கிறான். அவள் ஏன் அதிர்கிறாள்? கணவன் கண்ணுக்கு மட்டுமே அந்தத் தாலி தெரியும் என்ற செய்தி திருமணக் கதையில் இருக்கிறது. அதை வெட்டிவிட்டோம். பிள்ளைக்கு எப்படி விளங்கும்? நம்மவரோ பாம்பையும் வாளையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, "இழுவை" என்று புலம்பற் பாடல்களைக் கத்தரிக்கிறார்கள்! ஆர்மோனியக்காரர் மட்டும் பாவம், பழக்கத்தில் சுருதி பிடித்துக் காத்திருப்பார்.

என்னைக் கேட்டால், சுயம்வரத்தை இரண்டு நிமிடத்தில் பாடிக் காட்டுங்கள். காசி இளவரசன் கொலையை முழுதாக வெட்டுங்கள். வாள் மாலையாவதும் தேவர்கள் தோன்றுவதும் அதோடு போகும். போகட்டும். தெய்வம் வருவது முறைக்காக. நாடகம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

ஆனால் கூலி வழக்கில் கை வைக்காதீர்கள். வாய்க்கரிசி காவலனுக்கு உரியது, விட்டுக்கொடுக்கலாம். கால்பணமும் முழத்துண்டும் ஆண்டைக்கு உரியவை. கிடப்பது தன் மகன் என்று அறிந்த பின்னும் அவன் அவற்றை விடவில்லை. அந்த இழுபறி ஒவ்வோர் அடியாக நகரவேண்டும். அதற்கு அரை மணியாவது வேண்டும். மகனைக் கிடத்திவிட்டு, கால்பணம் கேட்டு வர அவள் இருட்டில் நடந்து போகிறாளே, அங்கே திரையை விடுங்கள்.