வானூர்ந்து வரும் விருந்து

ஒரு கோப்பை கோப்பியும் இரண்டு முட்டைப் பொரியலும் உண்பதற்காக நூறு மைல் தூரம் விமானத்திற் பறந்து செல்பவரை என்னென்பது? செல்வச் செருக்கு என்று சொல்லிவிடுதல் எளிது. ஐக்கிய அமெரிக்காவின் சிறு விமானச் சங்கத்தினர் இப்பழியைத் தாமே சூடிக்கொண்டு நகைப்பவர்கள். வார இறுதியில் ஏதேனுமொரு சிற்றூர் விமான நிலையத்தில் இறங்கிப் பாணிடை வைத்த இறைச்சியைத் தின்று திரும்புவதற்கு ஆகும் எரிபொருளையும் வாடகையையும் கணக்கிட்டு, அவ்வுணவுக்கு ‘நூறு டொலர் ஹம்பேர்கர்’ என்று அவர்கள் பெயரிட்டு நெடுங்காலமாயிற்று. இன்றைய விலைவாசியில் நூறு டொலர் எம்மட்டு என்பது அவர்களது புதிய முறைப்பாடு.

ஆயினும் இவர்களெல்லோரும் பெருஞ் செல்வர் அல்லர். ஒரு பழைய விமானத்தை நால்வர் ஐவர் கூடி வாங்கி முறைவைத்து ஓட்டுவது அங்கே வழக்கம். தனியார் விமானி ஒருவர் பறப்பின் செலவைத் தம்முடன் வருவோரோடு பங்கிட்டுக்கொள்ளலாம். இலாபம் பெறுதல் ஆகாது என்பது சட்டம். தென் கரோலினா மாநிலத்தில் 1938ஆம் ஆண்டு தோன்றிய காலையுணவுச் சங்கமொன்று, ஒன்றுவிட்ட ஞாயிறுதோறும் வெவ்வேறு விமான நிலையத்திற் கூடுவதை மரபாக்கிக்கொண்டது. உணவு சாக்கு, கூடுதலே நோக்கம். நம்மவர் திருவிழாவுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு உறவினரைப் பார்க்கப் போவதில்லையா?

இக்கூட்டங்களில் எனக்கு மிக வியப்பளிப்பது உணவன்று, அவர்கள் வந்திறங்கும் ஒழுங்கு. அந்நாட்டிலே பொதுமக்கள் பாவிக்கும் விமான நிலையங்கள் ஏறக்குறைய ஐயாயிரம். அவற்றுட் பெரும்பாலானவற்றிலே கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லை. ‘நீ இறங்கு, நீ பொறு’ என்று ஆணையிட ஒருவருமில்லை. நிலத்தினின்று ஏறக்குறைய ஆயிரம் அடி உயரத்தில், பெரும்பாலும் இடப்புறமாகவே திரும்பி, ஓடுபாதையைச் சதுரமாகச் சுற்றிவரும் ஒவ்வொருவரும் தாம் இருக்குமிடத்தைப் பொதுவான ஓர் அலைவரிசையிற் கூறுகின்றனர். பிறர் கூறுவதைக் கேட்கின்றனர். இறங்க வரும் இருவருள் தாழப் பறப்பவர்க்கே முன்னுரிமை. ஆனால் அதனைச் சாட்டாகக் கொண்டு மற்றவர்க்கு முன்னே நுழைதல் ஆகாது என்று அவ்விதியே தொடர்ந்து கூறுகின்றது. உரிமையையும் அதன் துர்ப்பிரயோகத்தையும் ஒரே மூச்சில் எண்ணிப்பார்த்த விதி அது. பஸ் நிலையங்களில் முண்டியடிக்கும் நாம் இதனைச் சற்றே சிந்திக்கலாம்.

மேசையில் மதுவுக்கு இடமில்லை. குடித்து எட்டு மணி நேரம் கழியுமுன் விமானத்தை ஓட்டுதல் குற்றம். ஆகவே பேச்சே அங்கு பானம். காற்றைப் பற்றிப் பேசுவர். பிழையாக இறங்கியதைப் பற்றிப் பேசுவர். தன் தவறைத் தானே எடுத்துரைத்து இளையோர் கேட்டுக்கொண்டிருக்கும் அம்மேசை ஒரு பள்ளிக்கூடமே என்பதை ஆசிரியர்கள் உணர்வார்கள். பயணி ஒருவரை ஏற்றிச் செல்ல விரும்பும் விமானி, முந்திய 90 நாட்களுள் மூன்று தடவையேனும் மேலெழுந்து இறங்கியிருத்தல் வேண்டும். அப்பயிற்சிக்கு இச்சிற்றுண்டிப் பயணங்கள் கைகொடுக்கின்றன. வருவதாகச் சொல்லிவிட்டோமே என்று முகிற் கூட்டத்துட் புகுந்து உயிரிழந்தோரும் உண்டு. வானம் சரியில்லை, வரமாட்டேன் என்று தொலைபேசியிற் சொல்பவரே அன்று நல்ல விமானி.

இவையெல்லாம் வேலிக்கு உட்பக்கத்து நியாயங்கள். வெளியே நிற்பவனது கணக்கு வேறு.

அம்மேசை ஒருகாலத்தில் எல்லோர்க்கும் உரியதாயிருக்கவில்லை. 1930களில் சிக்காகோவின் விமான நிலையங்கள் இடங்கொடாமையால், கோர்னீலியஸ் கொஃபி, ஜோன் றொபின்சன் முதலிய கறுப்பின விமானிகள் றொபின்ஸ் என்னும் சிற்றூரில் தமக்கென்று ஓடுபாதை அமைக்க வேண்டியதாயிற்று. இன்று வேலி வேறு வகையினது. மோட்டார் வாகனங்களுக்கு ஈயங் கலந்த பெற்றோல் அமெரிக்காவில் 1996இல் தடுக்கப்பட்டது. சிறு விமானங்களுக்கோ விலக்களிக்கப்பட்டது. கலிபோர்னியாவில் றீட் ஹில்வியூ விமான நிலையத்தைச் சூழ உழைக்கும் மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். அங்கு அரை மைலுக்குள் வாழும் பிள்ளைகளின் குருதியில் ஈயம் கூடுதலாக இருப்பதை 2021இல் ஓர் ஆய்வு காட்டியது. 2022 ஜனவரி முதல் அந்நிலையத்தில் ஈயங் கலந்த எரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் ஈயமற்ற எரிபொருள் ஒன்றுக்கு அரச அங்கீகாரமும் கிடைத்தது. நாடு முழுவதும் ஈயத்தை ஒழிப்பதற்கு வைத்த இலக்கு 2030ஆம் ஆண்டின் முடிவு. ஒரு குழந்தையின் மூளைக்கு அது நீண்ட தவணை.

விமானிகள் தம் நிலையங்கள் மூடப்படுவதையிட்டு வருந்துகின்றனர். நியாயமான வருத்தமே. 2003 மார்ச் 30ஆம் திகதி இரவு சிக்காகோ மேயர் ரிச்சர்ட் டேலியின் கட்டளைப்படி மெய்க்ஸ் நிலையத்தின் ஓடுபாதை இயந்திரங்களாற் கிண்டப்பட்டது. 16 விமானங்கள் அங்கே சிக்கிக்கொண்டன. முன்னறிவித்தல் இல்லை. நகரத்துக்கு 33,000 டொலர் தண்டமும் விதிக்கப்பட்டது. அச்செயலை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். ஆயினும் 2007இல் அதே மேயரை நகரமக்கள் மீண்டும் தெரிந்தெடுத்தார்களே! விமானியின் இழப்பு வேலிக்கு வெளியே நின்றவனுடைய இழப்பாகவில்லை என்றே நான் கொள்கிறேன்.

நம் மொழியில் ‘விருந்து’ என்ற சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். புதிதாய் வந்தவரே விருந்தினர்; சுற்றத்தாருக்கு வேறு சொல் உண்டு. இவ்வளவையால் அளந்தால், விமானிகள் தம்முள் உண்பது சுற்றத்தார் கூட்டமேயன்றி விருந்தாகாது. ஊராரை உள்ளே அழைத்துப் பான்கேக் என்னும் மாவப்பம் பரிமாறும் சங்கங்களும் அங்கு உள்ளன. 1953இல் தோன்றிய பரீட்சார்த்த விமானச் சங்கம், 1992இல் தொடங்கிய ‘இளங் கழுகுகள்’ திட்டத்தின் மூலம் 8 முதல் 17 வயது வரையான இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கட்டணமின்றிப் பறக்கச் செய்துள்ளது. அப்பிள்ளைகளோடு அவர்களின் தாய் தந்தையரையும், முக்கியமாக நிலையத்தை மூடவேண்டுமென்று மனுக் கொடுத்த அயலாரையும், அதே மேசையில் இருத்தவேண்டும். ஈயத்தைப் பற்றி அவர்கள் முதலிற் கேட்கட்டும். காற்றைப் பற்றிய பேச்சைப் பின்னர் தொடங்கலாம்.