பரீட்சைக்கு ஆகாத கால்குலேட்டர்தான் எனக்கு வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் 40 நிமிடம் உட்கார்ந்து கேட்டவர்கள்தானே, இதையும் பொறுமையாகப் படியுங்கள்.

மூன்று நாளாக நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நான்தான் கேலிப்பொருள். "புரோகிராம் போடுற கால்குலேட்டர் ஒண்ணு வாங்கணும், எது நல்லாருக்கும்?" என்று கேட்டதுதான் நான் செய்த குற்றம். "அத்தை, போன்லயே இருக்கே" என்றான் ஒருவன். "பெரியம்மா ராக்கெட் விடப் போறாங்களா?" என்றாள் இன்னொருத்தி. சிரித்த முகம் பதினைந்து விழுந்தது. சிரியுங்கள். ஆனால் பதிலையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

என்னிடம் இருப்பது கேசியோ எஃப்எக்ஸ்-3600பி. 1986ல் மஸ்கட்டிலிருந்து அண்ணன் கொண்டுவந்தது. நான் கேட்டது ஒரு செயின். கையில் கொடுத்தது கால்குலேட்டர். அன்று அழுதேன். செயின் வந்திருந்தால் என்றோ அடகுக்குப் போயிருக்கும். இது இன்னும் வேலை செய்கிறது. வேலை செய்கிறது என்று முழுமனதோடு சொல்ல முடியவில்லை, அதனால்தான் இந்தப் பதிவே. திரையில் சில கோடுகள் செத்துவிட்டன. அந்தக் காலத்துத் திரையில் ஒவ்வோர் எண்ணும் ஏழு கோடுகளால் ஆனது. 8ல் மேல் வலது கோடு போனால் அது 6. நடுக்கோடு போனால் 0. கீழ் இடது கோடு போனால் 9. போன மாதம் ஒருத்திக்கு வட்டி 18 என்பதை 16 என்று படித்துச் சொல்லிவிட்டேன். ராத்திரி சந்தேகம் வந்து எல்லா இடத்திலும் 8 அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மறுநாள் காலையில் போன் செய்து திருத்தினேன். தப்பான விடையை நல்ல விடை மாதிரியே காட்டும் கருவியை இனி நம்ப முடியாது. சரி, மாற்று எது?

அதற்கு முன், எனக்கு எதற்கு அது என்று சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பெயர் சொல்ல மாட்டேன், இதைப் படித்துக்கொண்டுதான் இருப்பான். டூ வீலருக்கு 1,00,000 ரூபாய் கடன், 12 மாதத் தவணை, "வெறும் 12 சதவீத வட்டி" என்று கையெழுத்துப் போட்டிருந்தான். மாதம் 9,333 ரூபாய். வேறொரு இடத்தில் தவணை குறைவு என்று நண்பன் சொன்னானாம், குழப்பத்தோடு வந்தான்.

"கணக்குப் போட்டுப் பார்க்காமலா கையெழுத்துப் போட்ட?" என்று கேட்டேன்.

"போட்டேனே டீச்சர். எட்டாம் வகுப்புல நீங்க சொல்லிக்கொடுத்த சூத்திரந்தான். அசல் பெருக்கல் காலம் பெருக்கல் வட்டி வீதம், வகுத்தல் நூறு. கரெக்டா 12,000 வந்துச்சு. அவங்க சொன்னதும் அதே 12,000. அப்புறம் என்ன சந்தேகம்?"

எனக்கு வாயடைத்துப் போனது. அவன் போட்ட கணக்கில் தவறில்லை. நான் சொல்லிக்கொடுத்த சூத்திரத்திலும் தவறில்லை. ஒரு லட்சத்தை வருடம் முழுவதும் கையில் வைத்திருந்து கடைசியில் மொத்தமாகத் திருப்பிக் கொடுப்பவனுக்கு அது பொருந்தும். அவன் மாதாமாதம் திருப்புகிறானே! மாதம் 8,333 ரூபாய் அசல் கழிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் பாக்கி 1,00,000. அடுத்த மாதம் 91,667. பன்னிரண்டாவது மாதம் வெறும் 8,333. சராசரியாக அவன் கையில் இருந்த கடன் 54,167 ரூபாய்தான். அதற்கு 12,000 வட்டி என்றால் தோராயமாக 22 சதவீதம். இந்த ஒரு பத்தியை நான் எத்தனையோ வருடம் எட்டாம் வகுப்பில் சொல்லாமலே விட்டிருக்கிறேன். பாடத்தில் இல்லை, பரீட்சைக்கு வராது என்பதுதான் காரணம்.

அன்று அந்தப் பழைய 3600பியை எடுத்தேன். அதில் புரோகிராமுக்கு இடம் 38 படிகள். அதற்குள் தவணைச் சூத்திரத்தை முன்பே அடக்கி வைத்திருந்தேன். கடன் தொகை, மாதங்கள், மாத வட்டி மூன்றையும் கொடுத்தால் தவணை வரும். அவனையே அழுத்தச் சொன்னேன். மாதம் 1 சதவீதம் என்று போட்டான். 8,885 வந்தது. "இதுதாண்டா உண்மையான 12 சதவீதத் தவணை. வருஷம் முழுக்க மொத்த வட்டி 6,619தான்." 2 சதவீதம் போட்டான், 9,456. கூடிவிட்டது. 1.8 போட்டான், 9,340. 1.79 போட்டான், 9,334. நிறுத்தினான். அதை 12ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 21.5 சதவீதம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்போ 12ன்னு சொன்னது பொய்யா டீச்சர்?" என்றான். பொய் இல்லையப்பா, "ஃபிளாட்" என்ற ஒரு சொல் சேர்த்திருந்தார்கள், நீ அதைத் தாண்டிப் போய்விட்டாய்.

அன்றிலிருந்து கடன் வாங்கப் போகிறவர்கள் பலர் என் வீட்டுத் திண்ணை வழியாகத்தான் போகிறார்கள். எனக்குக் கால்குலேட்டர் எதற்கு என்ற கேள்விக்கு இதுவே பதில்.

இப்போது உங்கள் வாதங்களுக்கு வருகிறேன்.

முதல் வாதம்: "போன் இருக்கிறதே." போன் மேல் எனக்குக் கோபம் இல்லை, இதை எழுதுவதே அதில்தான். ஆனால் கடையில் உங்களுக்குக் காட்டுகிறார்களே ஓர் ஆப், அது யார் செய்தது? கடன் கொடுப்பவர் செய்தது. தொகையும் மாதமும் கேட்கும், இஎம்ஐ சொல்லும். நடுவில் என்ன நடந்தது என்று காட்டாது. சந்தையில் வியாபாரியின் தராசை மட்டும் நம்பியா வாங்குவீர்கள்? சந்தேகம் வந்தால் வேறு தராசில் நிறுத்துப் பார்க்க மாட்டீர்களா? போனில்தான் பார்ப்பேன் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஸ்பிரெட்ஷீட்டில் "ரேட்" என்று ஒரு ஃபங்க்ஷன் உண்டு. மாதங்கள், மைனஸ் குறியோடு தவணை, கடன் தொகை கொடுத்தால் மாத வட்டி வந்துவிடும். கையில் காசு இல்லாதவர்கள் அதையே பழகுங்கள், குறைவே இல்லை. எனக்கு ஏன் தனிக் கருவி என்றால், எதிரே உட்கார்ந்திருப்பவர் தன் விரலால் அழுத்திப் பார்த்தால்தான் நம்புகிறார். என் போனைக் கொடுத்தால் நடுவில் அழைப்பு வரும், கோவில் திருவிழா வீடியோ வரும், கணக்கு போய்விடும்.

இரண்டாவது வாதம்: "991 வாங்குங்கள், எல்லாரும் அதைத்தானே வைத்திருக்கிறார்கள்." அண்ணன் மகள் இன்ஜினியரிங் படித்தபோது வாங்கிய எஃப்எக்ஸ்-991எம்எஸ் என் மேசையிலேயே இருக்கிறது. நல்ல கருவி, மறுக்கவில்லை. 401 ஃபங்க்ஷன் என்று விளம்பரம். "சால்வ்" என்ற வசதியில் சமன்பாட்டைக் கொடுத்தால் என்னைப் போல 1.8, 1.79 என்று தேடாமல் அதுவே வட்டியைக் கண்டுபிடிக்கும். ஆனால் அணைத்துவிட்டால் நான் எழுதிய சூத்திரம் போய்விடும். அடுத்த ஆள் வந்தால் மறுபடி முதலிலிருந்து, அடைப்புக்குறி ஒன்று விடாமல், தட்ட வேண்டும். 401 ஃபங்க்ஷன் இருந்து என்ன, அதில் என்னுடையது ஒன்றுகூட இல்லையே!

ஏன் இப்படிச் செய்திருக்கிறார்கள்? முடியாததாலா? 38 படியை 1980களிலேயே உள்ளங்கை அளவில் அடக்கியவர்களுக்கு இன்று முடியாதா? பரீட்சைதான் காரணம். நம் கல்லூரித் தேர்வுகள் பெரும்பாலானவற்றில் புரோகிராம் போடக்கூடிய கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. கேட் தேர்வில் சொந்தக் கால்குலேட்டரே கூடாது, கணினித் திரையில் தருவதைத்தான் பயன்படுத்த வேண்டும். பரீட்சை மண்டபத்தில் அந்த விதி நியாயம். உள்ளே பதில் எழுதி எடுத்துப் போகக் கூடாதுதான். ஆனால் விளைவைப் பாருங்கள். மாணவர் வாங்குவதை மட்டுமே கடைக்காரர் வைக்கிறார். கடையில் இருப்பதையே எல்லாரும் வாங்குகிறார்கள். பரீட்சை எழுதி முப்பது வருடம் ஆனவரும், இனி எழுதவே போகாத நானும், பரீட்சைக்காக மறதியோடு செய்த கருவியைத்தான் வாங்க வேண்டுமாம். ஹால் டிக்கெட்டைக் கிழித்துப் போட்ட பிறகும் ஹால் விதிக்கு ஏன் கட்டுப்பட வேண்டும்?

மூன்றாவது வாதம், நம் ஆசிரிய நண்பர்களுடையது: "கால்குலேட்டர் மூளையை மழுக்கும்." நானும் இதையே சொல்லிச் சொல்லி எத்தனையோ பிள்ளைகளின் கையிலிருந்து பிடுங்கியிருக்கிறேன். வாய்ப்பாடு வராத பிள்ளைக்கு அது சரி. ஆனால் புரோகிராம் போடுவது வேறு. சூத்திரம் தெரியாமல் அதைச் செய்யவே முடியாது. எது முதலில், எது பிறகு, எதை எங்கே எடுத்து வைப்பது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். புரியாவிட்டாலும் தலையாட்டும் மாணவனுக்குப் பாடம் நடத்துவது மாதிரி. தவணைச் சூத்திரத்தை 38 படிக்குள் கொண்டுவர எனக்கு இரண்டு ராத்திரி ஆனது. டிப்ளமோ படித்தபோது பாடக்குறிப்பு எழுதப் பழகியது அந்த இரண்டு ராத்திரியில்தான் முழுசாகப் பயன்பட்டது என்பேன்.

ஆகவே மாற்று வாங்க நான் வைத்திருக்கும் கேள்விகள் மூன்றுதான். அணைத்த பிறகும் நான் எழுதியது உள்ளே இருக்குமா? எழுதியதைத் திரும்பப் பார்த்துத் திருத்த முடியுமா? பேட்டரியை நானே மாற்ற முடியுமா?

இதில் தேறியவை இரண்டு. ஒன்று எச்பி-12சி. 1981ல் வந்தது, இன்றுவரை விற்கிறார்கள். கால்குலேட்டர் உலகத்தில் இது பாட்டி. தவணை, மாதங்கள், வட்டி, கடன் தொகை ஒவ்வொன்றுக்கும் தனிப் பொத்தான். மூன்றைக் கொடுத்தால் நான்காவதைச் சொல்லும், வட்டி உட்பட. சொந்தப் புரோகிராமும் போடலாம். சைன், காஸ் கிடையாது, எனக்கு அது தேவையும் இல்லை. இதில் சமக்குறி பொத்தானே இல்லை, 3, என்டர், 4, கூட்டல் என்று அழுத்த வேண்டும். பலர் இதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். நாம் ஏன் பயப்பட வேண்டும்? "மூன்றையும் நான்கையும் கூட்டு" என்று வினையைக் கடைசியில் சொல்வதுதானே தமிழ்!

இன்னொன்று கேசியோ எஃப்எக்ஸ்-5800பி. 2006ல் வந்தது. நில அளவை செய்பவர்கள் விரும்பி வைத்திருப்பது. புரோகிராம் எழுத்துகளோடு திரையில் தெரியும், பக்கத்தில் இருப்பவருக்கும் சூத்திரத்தைக் காட்டலாம். 28,500 பைட் இடம். என் 38 படியை நினைத்தால் ஒற்றை அறையிலிருந்து சத்திரத்துக்குப் போன மாதிரி. டிவி ரிமோட்டில் போடும் மெல்லிய பேட்டரி ஒன்று போதும், நம் தெரு மளிகைக் கடையிலேயே கிடைக்கும். சூத்திரத்தைக் காட்ட முடிகிறது என்பதற்காகவே என் ஓட்டு இதற்கு.

"இனி இதெல்லாம் எதற்கு, அரசே விதி போட்டுவிட்டதே" என்று சிலர் கேட்பீர்கள். உண்மை. 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர்களுக்குத் தரும் புதிய கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை ஒன்று தர வேண்டும், கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்று அதில் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நல்ல உத்தரவு. கேட்டு வாங்குங்கள், கையெழுத்துக்கு முன் படியுங்கள். ஆனால் கைமாற்றுக்கும் தண்டலுக்கும் யார் அறிக்கை தருகிறார்கள்? தந்தாலும், அதிலுள்ள எண் சரிதானா என்று பார்க்கத் தெரிந்தவர் வீட்டுக்கு ஒருவராவது வேண்டாமா?

கடைசியாக இரண்டு விஷயம்.

உங்களில் நில அளவையில் இருப்பவர்கள் யாரிடமாவது பழைய 5800பி பீரோவில் சும்மா கிடந்தால் சொல்லுங்கள். திரையில் கோடு விழாமல் இருக்க வேண்டும். விலை சொல்லுங்கள், இனாமாக வேண்டாம். டீச்சருக்குக் குருதட்சணை என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள்.

அடுத்தது வீட்டுப்பாடம். இப்போது கட்டிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு தவணைக் கடனை எடுத்து உண்மையான வட்டியைக் கண்டுபிடியுங்கள். வராதவர்கள் தொகை, மாதம், தவணை மூன்றையும் எனக்குத் தனியாக அனுப்புங்கள், சேர்ந்து போடுவோம். எட்டாம் வகுப்பில் நான் விட்டுவிட்ட ஒரு பத்தி இது. தாமதமாக நடத்துகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்